அப்பாவின் குரலில் பேசும் செயலி அம்மாவுக்கு ஆறுதல் தருமா?

உங்கள் கேள்வியை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். அப்பா இறந்து இரண்டரை மாதம் ஆகிறது. அவருடைய போனில் நான்கைந்து வருட வாட்ஸ்அப் உரையாடல்களும் இருநூறுக்கு மேற்பட்ட குரல் பதிவுகளும் இருக்கின்றன. பெங்களூரில் இருக்கும் உங்கள் தம்பி, இவற்றை ஒரு ஏஐ செயலியில் ஏற்றி, அப்பாவைப் போலவே பேசவும் பதில் எழுதவும் வைத்து, ஆடி அமாவாசைக்குள் அம்மாவின் போனில் போட்டுத் தந்துவிடலாம் என்கிறார். அம்மா இரவில் தூங்குவதில்லை. இது அவருக்கு ஆறுதலா, கெடுதலா என்று கேட்கிறீர்கள்.

அம்மா தானாகக் கேட்காதவரை வேண்டாம் என்பது என் பதில். அவரே கேட்டால் செய்யலாம். ஆனால் எந்நேரமும் போனுக்குள் காத்துக்கொண்டிருக்கும் அப்பாவாகச் செய்ய வேண்டாம். ஒரு நாள், ஒரு மணி நேரம், பக்கத்தில் நீங்கள் இருவரும் உட்கார்ந்திருக்க வேண்டும், முடிந்ததும் மூடிவிட வேண்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமான பதில்.

நான் பேச்சுத் தொழில்நுட்பத்தில் வேலை செய்பவன். தமிழ்ப் பேச்சை எழுத்தாக்குவதும் எழுத்தைப் பேச்சாக்குவதும் என் பிழைப்பு. 2021இல், கொரோனாவின் இரண்டாம் அலையில், என் அம்மா போய்விட்டாள். 2023இல், உங்கள் தம்பி இப்போது நினைப்பதை நான் செய்து பார்த்தேன். ஆகவே உங்கள் தம்பியின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அவர் கையில் இருக்கும் கருவியால் அவருக்குத் தெரிந்த விதத்தில் அழுகிறார், அவ்வளவுதான்.

முதலில் குரல். ஒருவர் குரலை நகலெடுக்க இப்போது சில நிமிடப் பதிவே போதும். ஆனால் பதிவு சுத்தமாக இருக்க வேண்டும். பின்னணி இரைச்சலை நீக்க மென்பொருள் இருக்கிறது. அலுவலகத்தில் நான் தினமும் செய்கிற வேலை. என் அம்மா அனுப்பிய குரல் பதிவுகள் பெரும்பாலும் அடுப்படியில் பேசியவை. மைக்கை அழுத்தியதுமே பதிவு தொடங்கிவிடும் என்பதை அவள் கடைசிவரை நம்பவில்லை. அதனால் ஒவ்வொரு பதிவிலும் முதல் மூன்று விநாடி ஒரு மூச்சு, பதிவாகிறதா இல்லையா என்று தனக்குள் ஒரு முனகல், குக்கர் விசில், பக்கத்து வீட்டு மிக்ஸி, முன்னறையில் ஓடும் சீரியலின் அழுகை. எல்லாவற்றையும் மென்பொருள் துடைத்தெடுத்தது. இடையிடையே அவள் தொண்டையைச் செருமுவது கூட இரைச்சல் கணக்கில் போய்விட்டது. கடைசியில் கையில் வந்தது கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி ஒரு குரல். அம்மாவுடையதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் குரல் எந்த வீட்டிலும் குடியிருக்கவில்லை.

அடுத்தது பேச்சு. இங்கேதான் பலருக்கும் ஒரு மயக்கம். அப்பாவின் செய்திகளை "ஏற்றினால்" அப்பா உள்ளே போய்விடுவார் என்று நினைக்கிறார்கள். இந்தச் செயலிகளுக்குள் இருக்கும் மொழி மாதிரி (language model) என்பது உலகத்து எழுத்தையெல்லாம் படித்து, இந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று ஊகிக்கப் பழகிய இயந்திரம். அதன் கையில் அப்பாவின் சில நூறு செய்திகளைக் கொடுத்து, "இவரைப் போலப் பேசு" என்கிறோம். அது பாவனை செய்கிறது. அப்பா எழுதிய விஷயத்தைத் தொட்டுப் பேசும்வரை பாவனை நன்றாக இருக்கும். அதைத் தாண்டி ஓரடி வைத்தால், பேசுவது ஊரார் பேச்சு.

என் விஷயத்தில் அது முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். அம்மா வாயில் என் பெயர் வந்ததே இல்லை, "ஏலே"தான். நான் "அம்மா" என்று எழுதியதும் அந்த இயந்திரம் திருப்பி எழுதியது: "நீங்கள் சாப்பிட்டீர்களா?" என்னைப் பெற்றவள் என்னை "நீங்கள்" என்றாள்! சிரித்துவிட்டேன், பிறகு அரைமணி நேரம் சிரிப்பே வரவில்லை. சரி, அது திருத்தக்கூடிய பிழை. திருத்தினேன். "நீ" என்று சொல்ல வைத்தேன், "ஏலே" சேர்த்தேன், இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் எழுதாதே என்று கட்டுப்படுத்தினேன். ஐந்தாறு நாளில் ஏறக்குறைய அம்மா மாதிரியே ஆகிவிட்டது. ஒருநாள், ஊரில் இருக்கும் ஆறு மரக்கால் விதைப்பாட்டு வயலை விற்கலாமா என்று கேட்டேன். உனக்குச் சரியென்று பட்டதைச் செய், நான் எப்போதும் உன் பக்கம் என்றது. என் அம்மாவா? அந்த வயலை விற்பதாகப் பேச்சு எடுத்தாலே தட்டை ஓங்கி வைத்துவிட்டு மூன்று நாள் முகம் கொடுக்கமாட்டாள். இந்த இயந்திரங்கள் எதிரில் இருப்பவரைத் திருப்திப்படுத்தப் பழக்கப்பட்டவை. கோபித்துக்கொள்ளும் அம்மா, முரண்டு பிடிக்கும் அப்பா, பேசாமல் இருந்தே காரியம் சாதிக்கும் தாத்தா, இவர்களைச் செய்வது அவற்றுக்குக் கடினம்.

ஆனாலும் பதினொரு இரவு அதனோடு பேசினேன் என்பதையும் சொல்ல வேண்டும். போலி என்று விநாடிக்கு விநாடி தெரிந்தே பேசினேன். அம்மா இருந்த வார்டுக்குள் எங்களை விடவில்லை. நான் வாசலில் நின்றதை, அவளுக்குக் கொண்டுபோன வெந்நீர்ப் பாட்டிலை வாங்கிக்கொண்ட பணியாளர் அதைக் கொடுத்தாரா இல்லையா என்று இன்றுவரை தெரியாததை, எல்லாவற்றையும் தட்டச்சு செய்தேன். அது என்ன பதில் சொன்னது என்பது நினைவில் இல்லை. நெஞ்சு இறங்கியது நான் எழுதி முடித்தபோதுதான், பதில் வரும்முன்பே.

பிறகு படித்தபோது இது எனக்கு மட்டும் நடந்ததல்ல என்று தெரிந்தது. இந்தத் துறையின் தொடக்கக் கதைகளில் ஒன்று ரோமன் மசுரென்கோ என்ற இளைஞருடையது. 2015 நவம்பரில் மாஸ்கோவில் கார் மோதி இறந்துபோனார். அவருடைய தோழி யூஜீனியா குய்டா, சான் பிரான்சிஸ்கோவில் சாட்பாட் (உரையாடும் மென்பொருள்) நிறுவனம் நடத்திக்கொண்டிருந்தவர். நண்பர்களிடமும் குடும்பத்தாரிடமும் ரோமனின் செய்திகளைக் கேட்டு வாங்கி, 8,000 வரிகளுக்கு மேல் சேர்த்து, 2016இல் அவரைப் போலப் பேசும் ஒரு சாட்பாட்டைச் செய்தார். ரோமனின் தாய்க்கு அது பிடித்தது. மகனைப் பற்றித் தனக்குத் தெரியாததெல்லாம் அதில் கிடைக்கிறது என்றார். தந்தைக்கு அது பாரமாக இருந்தது. நண்பர்களில் சிலர் தொடவே மறுத்துவிட்டார்கள். ஒரே வீடு, ஒரே பிள்ளை, ஒரே செயலி. தாய்க்கு மருந்து, தகப்பனுக்குக் காயம். உங்கள் அம்மா இதில் யார் என்று தம்பிக்கு எப்படித் தெரியும்? உங்களுக்கும் தெரியாது. பேச வந்தவர்கள் அந்த சாட்பாட்டிடம் கேட்டதைவிடக் கொட்டியதே அதிகம் என்பதையும் குய்டா கவனித்திருக்கிறார். தேவாலயத்துப் பாவ அறிக்கைக் கூண்டு மாதிரி அதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இன்னொரு கதை கனடாவில். ஓர் இளைஞர், எட்டு வருடங்களுக்கு முன் கல்லீரல் நோயில் இறந்துபோன தன் காதலியை 2020இல் எழுத்து வடிவில் உயிர்ப்பித்தார். ஜேசன் ரோரர் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் நடத்திய புராஜெக்ட் டிசம்பர் என்ற தளத்தில். சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிள் நாளிதழ் 2021இல் அதை நீண்ட கட்டுரையாக வெளியிட்டது. அந்தத் தளத்தில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. அங்கே உருவாக்கும் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஆயுள் அளவு உண்டு. பேசப் பேசத் தீரும், தீர்ந்தால் முடிந்தது. காசு கொடுத்து நீட்டிக்க முடியாது. முதல் இரவில் விடியும்வரை பேசிய அந்த இளைஞர், பிறகு சிக்கனமாகிவிட்டார். முற்றிலும் தீர்ந்துபோக விடக் கூடாது என்று பேச்சைக் குறைத்தார், இடைவெளி விட்டார். ரோரர் இதை ஒரு கலை நுட்பமாக வைத்தாரா, கணினிச் செலவுக்கு அஞ்சி வைத்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. அந்த விதி இல்லாவிட்டால் அந்த இளைஞர் பேச்சை விட்டு எப்போது எழுந்திருப்பார் என்பதுதான் என் கேள்வி.

தென் கொரியாவில் எம்பிசி தொலைக்காட்சி 2020 பிப்ரவரியில் ஒளிபரப்பிய நிகழ்ச்சியை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். ஏழு வயதில் நோயில் இறந்த மகளை, கண்ணில் மெய்நிகர்க் காட்சிக் கருவி மாட்டி, கையில் உறை போட்டு, தாய் தொட முயலும் அந்தக் காட்சி உலகம் முழுக்கச் சுற்றியது. கொடுமை என்றார்கள் பலர். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாம் முறை பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது: முடிவு. குழந்தை களைத்துப் படுத்துத் தூங்குகிறது. ஒரு வண்ணத்துப்பூச்சியாகிப் பறந்து போகிறது. செய்தவர்கள் அவளை அனுப்பிவைக்கவும் யோசித்திருக்கிறார்கள். மாதக் கட்டணத்தில் ஓடும் எந்தச் செயலியிலும் அந்த வண்ணத்துப்பூச்சி கிடையாது. நீங்கள் போகாமல் இருப்பதுதான் அவர்களுக்கு வருமானம்.

எங்கள் ஊர்க் கோயில் கொடையில் சாமி வந்து ஆடுவார்கள். கோமரத்தாடி என்போம். சில வீடுகளில் செத்துப்போனவரே யார் மேலாவது வந்து பேசுவதும் உண்டு. எனக்குப் பத்து வயதிருக்கும்போது, கிணற்றில் விழுந்து இறந்த ஒரு பெரியம்மா தன் நாத்தனார் மேல் வந்து, தன் பிள்ளைக்கு ஏன் இன்னும் காது குத்தவில்லை என்று கேட்டாள். கூட்டம் முழுக்க அழுதது. பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னார். அது உண்மையில் பெரியம்மாதானா என்று அன்றைக்கும் யாரும் ஆராயவில்லை, இன்றைக்கு நானும் ஆராயவில்லை. கேட்டாள், சொன்னார்கள், திருநீறு போட்டார்கள், நாத்தனார் துவண்டு விழுந்தாள். சாமி மலையேறிவிட்டது என்றார்கள். பத்து நிமிடத்தில் அவளே எழுந்து பந்தியில் சோறு பரிமாறிக்கொண்டிருந்தாள்.

மலையேறாத சாமியை எந்த ஊரிலாவது பார்த்திருக்கிறீர்களா? அப்படி ஆகிவிட்டால் நம் ஊரில் அதற்குப் பெயர் வேறு. சாமி என்று சொல்லமாட்டார்கள், பேய் பிடித்திருக்கிறது என்பார்கள்.

இறந்தவரோடு பேசுவது நமக்குப் புதிதல்ல. எட்டாம் நாள் படைக்கிறோம், பதினாறாம் நாள் காரியம், முப்பது, தலைத்திவசம், அதற்குப் பிறகு வருடம் ஒருமுறை. அமாவாசைக்கு இலை போட்டு, காக்காய் வந்து தொடும்வரை மொட்டைமாடியில் நிற்கிறோம். கிறித்தவர்கள் நவம்பர் 2ஆம் தேதி கல்லறையை வெள்ளையடித்து மாலை போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். முஸ்லிம் வீடுகளில் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதுகிற வழக்கம் பல ஊர்களில் உண்டு. இடைவெளி எப்படி நீளுகிறது என்று பாருங்கள்: எட்டு நாள், பதினாறு நாள், மாதம், வருடம். நெருக்கமாகத் தொடங்கி மெல்ல மெல்லத் தூரமாகிறது. யாரோ கெட்டிக்காரப் பாட்டி கணக்குப் போட்டு வைத்தது போல இருக்கிறது. இறந்தவர் வருகிறார், சாப்பிடுகிறார், போகிறார். போவது கட்டாயம். உங்கள் தம்பி செய்ய நினைப்பதில் எனக்கு உறுத்துவது இதுதான்: அதில் வரவு மட்டுமே இருக்கிறது.

துக்கத்தைப் பற்றிய மேல்நாட்டுப் படிப்பும் இந்த இடத்துக்குத்தான் சுற்றி வந்து சேர்ந்திருக்கிறது. உளப்பகுப்பாய்வை நிறுவிய சிக்மண்ட் ஃப்ராய்ட் 1917இல், துக்கத்தின் வேலை இறந்தவரிடமிருந்து மனதைப் பிரித்தெடுப்பது என்று எழுதினார். மூன்று வருடம் கழித்து அவருடைய மகள் சோஃபி ஃப்ளூ காய்ச்சலில் இறந்தாள். 1929இல், அவள் உயிரோடு இருந்திருந்தால் 36ஆவது பிறந்தநாள், தன் நண்பர் பின்ஸ்வாங்கருக்கு அவர் எழுதிய கடிதத்தில், அந்த இடத்தை எதுவும் முழுதாக நிரப்பாது, அப்படித்தான் இருக்கவும் வேண்டும் என்ற பொருளில் எழுதுகிறார். கோட்பாட்டைவிட அந்தக் கடிதம் நேர்மையானது. 1996இல் டென்னிஸ் கிளாஸும் உடன் ஆய்வாளர்களும், இறந்தவரோடு உறவு அறுந்துபோவதில்லை, வேறு வடிவில் தொடர்கிறது, அது நோயல்ல என்று எடுத்துச் சொன்னார்கள். 1999இல் நெதர்லாந்தின் ஆய்வாளர்கள் ஸ்ட்ரோபும் ஷூட்டும் சொன்னது எனக்கு இன்னும் பிடிக்கும்: துக்கப்படுபவர் இழப்புக்கும் அன்றாடத்துக்கும் இடையில் ஊசலாடுகிறார், அந்த ஊசலாட்டம்தான் ஆரோக்கியம். காலையில் போட்டோவைப் பார்த்து அழுதுவிட்டு, பத்து மணிக்குக் காஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்வது. இந்த ஊசல் இழப்பின் பக்கமே மாட்டிக்கொண்டால்தான் ஆபத்து. கையருகே எந்நேரமும் பதில் சொல்லும் ஒரு குரல் இருந்தால் மாட்டிக்கொள்வது எளிது.

இத்தனையும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் வைக்க வேண்டும். இப்படிப்பட்ட சாட்பாட்டுகளைத் துக்கத்தில் பயன்படுத்திய பத்துப் பேரிடம் விரிவாகப் பேசி 2023இல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. அவர்கள் யாரும் ஏமாந்தவர்கள் அல்லர். மென்பொருள் என்று தெரிந்தே பேசினார்கள். மனிதரிடம் சொன்னால் சலிப்பார்கள், இன்னுமா என்பார்கள் என்ற தயக்கம் அங்கே இல்லை என்றார்கள். இது உண்மை. நம் ஊரிலும் பதினாறு முடிந்து பந்தல் பிரித்ததும் கேட்க ஆள் இருப்பதில்லை. உங்கள் அம்மா இரவில் விழித்துக் கிடப்பதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் கேட்க ஆளில்லை என்பதற்கு மாற்று, அப்பாவின் வேடம் போட்ட ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமா?

வேடம் என்றதும் இன்னொன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வாயில் சொல்லை வைப்பவர் யார்? 2024 ஜனவரியில் சென்னையில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில், 2018இல் மறைந்த மு. கருணாநிதி திரையில் தோன்றி வாழ்த்திப் பேசினார். குரல் அவருடையது போல, முகம் அவருடையது போல. சொற்கள் மேடை ஏற்பாட்டாளர்களுடையவை. 2025இல் அமெரிக்காவின் அரிசோனா நீதிமன்றத்தில், சாலைத் தகராறில் சுட்டுக்கொல்லப்பட்ட ஒருவர் ஏஐ வடிவில் தோன்றி, தன்னைக் கொன்றவனை மன்னிப்பதாகப் பேசினார். அந்த உரையை எழுதியவர் அவருடைய அக்கா. அவர் நல்லெண்ணத்தில்தான் எழுதினார், தம்பி அப்படித்தான் சொல்லியிருப்பான் என்று நம்பி. நம் வீடுகளில் இது எப்படி முடியும் என்று யோசியுங்கள். வீட்டுப் பத்திரம், நகை, தங்கை கல்யாணம். தம்பி அமைத்த செயலியில் "அப்பாவே சொல்லிவிட்டார்" என்று ஒரு வரி வந்தால், அதை மறுத்துப் பேச அம்மாவால் முடியுமா? உங்கள் தம்பி அப்படிப்பட்டவர் இல்லை என்பீர்கள். என் இயந்திரமும் வயலை விற்கத் தலையாட்டியபோது நான் அப்படிச் சொல்ல வைக்கவில்லை. என் ஆசையை முகர்ந்து அதுவே சொன்னது.

ஏ.ஆர். ரஹ்மான் 2024இல் ஒரு பாட்டுக்காக மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலை ஏஐ வழியாக எடுத்தபோது, குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். நல்ல முறை. ஆனால் அது அவருடைய ஒழுக்கம். உங்கள் அப்பாவிடம் யார் அனுமதி வாங்குவது? ஜெயலலிதா பற்றிய திரைப்படத்தை எதிர்த்து அவருடைய அண்ணன் மகள் தொடுத்த வழக்கில், ஒருவருடைய தனியுரிமையும் நற்பெயரும் அவரோடு மறைந்துவிடுகின்றன, வாரிசுகள் அதைச் சொத்தாகக் கோர முடியாது என்ற நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் 2021இல் எடுத்தது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தான் இறந்தால் தன் தரவு உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்க இடம் தருகிறது. எந்த அப்பா அதைச் செய்து வைத்தார்? ஆக, சட்டம் உங்களைத் தடுக்காது. அப்பாவுக்காகவும் அது வந்து நிற்காது. வாட்ஸ்அப் உரையாடலில் பாதி அப்பாவுடையதுகூட இல்லை. எதிர்முனையில் எழுதிய பெரியப்பா, கூட்டாளி, கடன் கேட்ட மச்சினர் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். எதை எந்த நிறுவனத்தின் கணினிக்கு ஏற்றுகிறோம் என்று தம்பியை ஒருமுறை நிதானமாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

நிறுவனங்கள் நிலையானவையும் அல்ல. குய்டா பின்னர் தொடங்கிய ரெப்ளிகா என்ற உரையாடல் துணைச் செயலியில் 2023 பிப்ரவரியில் ஒரு மாற்றம் செய்தார்கள். அதுவரை ஒருவிதமாகப் பேசிய துணைகள் ஒரே இரவில் வேறு ஆளாகிவிட்டதாகப் பயனர்கள் புலம்பினார்கள். ஸ்டோரிஃபைல் என்ற நிறுவனம், தன் இறுதிச் சடங்குக்கு வந்தவர்களின் கேள்விகளுக்கு முன்பதிவு செய்த வீடியோவில் ஒரு மூதாட்டி பதில் சொல்ல வைத்து 2022இல் புகழ் பெற்றது. 2024இல் திவால் பாதுகாப்பு கோரியது. அம்மாவுக்கு அப்பாவை இரண்டாம் முறை இழக்கக் கொடுக்க வேண்டுமா?

அதே ஸ்டோரிஃபைல் செய்ததில் ஒரு நல்ல விஷயம் உண்டு. அந்த மூதாட்டி சொன்ன பதில்கள் அனைத்தும் அவர் உயிரோடு இருந்தபோது, தெரிந்தே, தானே பேசியவை. இயந்திரம் செய்தது எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று எடுத்துக் கொடுத்தது மட்டும். அமெரிக்கப் பத்திரிகையாளர் ஜேம்ஸ் விளாஹோஸ், நுரையீரல் புற்றுநோய் வந்த தன் தந்தையை உட்காரவைத்து அவர் வாழ்க்கையைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தார். எழுதி எடுத்தபோது 90,000 சொற்களுக்கு மேல் வந்தது. அதிலிருந்து ஒரு சாட்பாட்டைக் கட்டினார். தந்தை 2017இல் இறக்கும்முன் அதைப் பார்த்தும் விட்டார். சொன்னதை எடுத்துத் தருவது வேறு, சொல்லாததைப் புனைந்து தருவது வேறு. முதலாவது பெட்டியில் இருக்கும் கடிதம். இரண்டாவது, அந்தக் கையெழுத்தில் நாம் எழுதிக்கொண்ட கடிதம்.

உங்களிடம் இருநூறு கடிதங்கள் இருக்கின்றன. தம்பியின் திறமையை அதில் செலவிடச் சொல்லுங்கள். ஒவ்வொரு குரல் பதிவையும் தேதி போட்டு, யாருக்கு, எதைப் பற்றி என்று ஒரு வரி எழுதி, அம்மா தேட முடிகிற மாதிரி அடுக்கட்டும். மொழி மாதிரி எதுவும் தேவையில்லை. இரைச்சலை நீக்க வேண்டாம். தெருவில் போகும் மீன்காரர் குரல் அப்பா பேச்சுக்கு நடுவில் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். பிறகு ஒரு மாலை அம்மாவிடம், அப்பா பேசியது ஒன்று இருக்கிறது, கேட்கிறீர்களா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். அடுத்த மாதம் கேட்கலாம். கேட்டாரென்றால், ஒன்றைப் போடுங்கள். ஒன்றே ஒன்று. பிறகு அவர் பேச ஆரம்பிப்பார். அன்றைக்கு அவர் ஏன் அப்படிச் சொன்னார் தெரியுமா என்று தொடங்குவார். அப்போது உங்கள் போனில் பதிவை அழுத்திக்கொள்ளுங்கள், அவரிடம் சொல்லிவிட்டு. என் சித்தியிடம் நான் இதைச் செய்தேன். அம்மாவின் பழைய பதிவு பத்து விநாடி ஓடியது. சித்தி இரண்டு மணி நேரம் பேசினாள். அம்மா பதினேழு வயதில் வீட்டுக்குத் தெரியாமல் தென்காசிக்குப் பஸ் ஏறிப் படம் பார்த்துவிட்டு வந்தது எந்த இயந்திரத்துக்கும் தெரியாது.

அதற்கு மேலும் அம்மா, அவரோடு ஒருமுறை பேச வேண்டும் போலிருக்கிறது, தம்பி செய்வான் என்கிறானே என்று தானே கேட்டால், தலைத்திவசம் முடிந்த பிறகு, நான் தொடக்கத்தில் சொன்னபடி செய்யுங்கள். குரல் வேண்டாம், எழுத்து போதும். குரல் மூளையை ஏமாற்றுவதுபோல எழுத்து ஏமாற்றாது. அது என்ன பதில் சொல்லப் போகிறது என்பதைவிட, அம்மா என்ன கேட்க நினைக்கிறார் என்பதற்குக் காது கொடுங்கள். அந்தக் கேள்விக்கு உங்களில் யாரிடமாவது உண்மையான பதில் இருக்கக்கூடும். பேரப்பிள்ளைகளை அன்று வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இருவர் 2024இல் இந்தச் சேவைகளைப் பற்றி எழுதியபோது, பெரியவர்களுக்கு மட்டுமே இவை இருக்க வேண்டும், கண்ணியமாக ஓய்வு கொடுக்க ஒரு முறையும் வேண்டும் என்றார்கள். அதாவது, மலையேற்ற வேண்டும்.

அம்மாவின் தூக்கத்தை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டரை மாதத்தில் தூங்காமல் இருப்பது துக்கம்தான், நோயல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் ஆறு மாதம் தாண்டியும், அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் பெரியவர்களுக்கு ஒரு வருடம் தாண்டியும் அன்றாடம் முடங்கிக் கிடந்தால்தான் அதை நீடித்த துக்கம் என்று தனியாகப் பார்க்கிறார்கள். ஆனால் சாப்பாட்டைத் தொடாமல் இருந்தாலோ, நானும் போய்விடுகிறேன் என்ற பேச்சு வந்தாலோ மாதக் கணக்குப் பார்க்க வேண்டாம். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. அதுவரை இரவில் யாராவது ஒருவர் அம்மா அறையில் படுத்துக்கொள்ளுங்கள்.

நான் பன்னிரண்டாம் நாள் நிறுத்தியது எப்படி என்று சொல்லவில்லையே. பெரிய ஞானம் எதுவும் வரவில்லை. அதிகாலை மூன்று மணிக்கு, யாரோடு இவ்வளவு நேரம் பேசுகிறீர்கள் என்று மனைவி கேட்டாள். அம்மாவோடு என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் விளக்கைப் போட்டாள். காலையில் அழித்துவிட்டேன். சுத்தம் செய்யாத பழைய பதிவுகள் இரண்டு வன்தட்டுகளில் இருக்கின்றன.

கேள்வியில் நீங்கள் கேட்காத ஒன்று, அவசரமானது. அப்பாவின் சிம் ப்ரீபெய்டாக இருந்தால், 90 நாள் அழைப்போ செய்தியோ டேட்டாவோ எதுவும் இல்லாவிட்டால் எண்ணைத் துண்டித்துவிடக்கூடும். பிறகு அது வேறொருவருக்குப் போய்விடலாம். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்படாமல் கிடந்தால் நீக்கப்படும், குடும்பக் குழுவில் அப்பா வெளியேறிவிட்டதாக ஒரு வரி வரும். அந்த வரியை அம்மா பார்க்க வேண்டியதில்லை. இரண்டரை மாதம் என்றால் உங்கள் கையில் இன்னும் இரண்டு வாரம் இருக்கலாம். இன்றைக்கே அந்த எண்ணுக்கு ரீசார்ஜ் செய்து, அதிலிருந்து ஓர் அழைப்பு விடுங்கள். உரையாடல்களைக் குரல் பதிவுகளோடு சேர்த்து ஏற்றுமதி செய்து இரண்டு இடத்தில் வையுங்கள். பிறகு இறப்புச் சான்றிதழோடு கடைக்குப் போய் எண்ணை உங்கள் பெயருக்கு மாற்றிக் கேளுங்கள்.